நூர்க்கக் கூடாத கீபோட்

அந்தச் சித்திரை முழுக்க என் வேலை ஒரு கீபோட்டைக் காவல் காப்பது. நான் செய்யாத வேலை குறைவு. குருநகரில் வள்ளத்துக்குப் போயிருக்கிறேன், வன்னியில் செங்கல் சூளையில் நின்றிருக்கிறேன், கண்டி வீதியில் லொறிக்குக் கிளீனராக ஓடியிருக்கிறேன். ஓர் இடத்தில் ஒரு பருவத்துக்கு மேல் எனக்குக் கால் தரிக்காது. அந்த வேலைகளில் உடம்பு நொந்தது, அவ்வளவுதான். சின்ன வயதில் ஷெல் விழுந்தபோது பயந்திருக்கிறேன். ஆனால் அந்தப் பயம் ஊருக்கே பொது, பங்கருக்குள் இருந்த எல்லோருக்கும் பங்கு உண்டு. எனக்கென்று தனியாக ஒரு பயம் வந்தது சாவகச்சேரிக்குப் பக்கத்தில் ஒரு வீட்டு அறைக்குள்.

வீட்டுக்காரர் கோயில் திருவிழாக்களுக்குப் பாட்டுக் கோஷ்டி வைத்திருந்தார். அவர் எனக்கு உறவில்லை. அந்தப் பக்கத்தில் எல்லோரும் அவரை அண்ணை என்பார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் மனைவி எனக்கு அக்கா. ஒலிபெருக்கிப் பெட்டிகளை லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றி இறக்க ஆள் வேண்டும் என்றார்கள். ஏற்றினேன், இறக்கினேன், பிறகு அங்கேயே தங்கிவிட்டேன்.

நான் போவதற்கு முந்திய வருடம் அண்ணைக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்திருந்தது. பயிற்சி செய்து காலை ஓரளவு மீட்டுக்கொண்டார். கை மீளவில்லை. பார்வையிலும் வலப்பக்கம் ஒரு துண்டு இல்லாமற் போயிருந்தது. சோற்றுக் கோப்பையில் இடப்பக்கத்தைச் சாப்பிட்டுவிட்டு முடிந்தது என்று கை கழுவ எழும்புவார். அக்கா கோப்பையைத் திருப்பி வைப்பார். திரும்பவும் இருந்து சாப்பிடுவார்.

அப்படியிருந்தும் கோஷ்டி நடந்தது. காரணம் அந்தக் கீபோட். வருத்தம் வருவதற்கு முன்பு, திருவிழாவுக்கு வேண்டிய பாட்டெல்லாவற்றையும் அவர் தன் வலக்கையால் வாசித்து அதற்குள் பதிந்து வைத்திருந்தார். நாதஸ்வரம் தனியாக, வயலின் தனியாக, தாளம் தனியாக, ஒன்றுக்குமேல் ஒன்றாக. அந்தச் சத்தங்களும் அவர் செய்தவைதான். கீபோட்டோடு வந்த நாதஸ்வரம் பிடிக்காமல், மாதக்கணக்காக இருந்து திருகித் திருகி நம்முடைய கோயில் வாசலில் கேட்கிற மாதிரி ஆக்கியிருந்தார். இப்போது இடக்கையால் ஒரு பொத்தானை அமத்துவார். வலக்கை முன்பு வாசித்தது வெளியே வரும். இடக்கையால் அதற்குச் சுருதி சேர்ப்பார், பாட்டுக்காரர் பாடுவார்கள். அதை ஒருவரும் ஏமாற்று என்று சொல்லவில்லை. வாசித்தது அவர்தானே.

ஒரு நாள் காலையில் ஒத்திகைக்கு கீபோட்டைப் போட்டபோது, சின்னத் திரையில் பாட்டுப் பட்டியல் வருவதற்கு முன் வேறொன்று வந்தது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆங்கில எழுத்துகளை லொறிகளின் பின்பக்கத்தில் பார்த்துப் பழகியவன். எழுத்தெழுத்தாக வாசித்தேன்.

"பற்றரி எண்டு கிடக்கு அண்ணை. பிறகு, லோ."

அண்ணை தண்ணி கேட்டார். குடித்து முடித்துவிட்டுத்தான் சொன்னார்.

"உள்ளுக்கை ஒரு சின்னப் பற்றரி கிடக்கு, குத்திக் காசைப் போல. கறண்ட் இல்லாத நேரத்திலை பாட்டுகளை அதுதான் பிடிச்சு வைச்சிருக்கிறது. அது சாகப்போகுது. இந்தமுறை பாட்டு இருந்திட்டுது. இனி நூர்த்தால் இருக்குமோ தெரியாது."

"அப்ப?"

"அப்ப நூர்க்காதை. அவ்வளவுதான். ஆரும் நூர்க்கக் கூடாது."

அன்றிலிருந்து கீபோட்டை நூர்க்கவில்லை, அது இரவும் பகலும் அணையாமல் கிடந்தது. மின்வெட்டுக் காலத்தில் வாங்கிய இன்வேட்டர் ஒன்று வீட்டில் இருந்தது. அதைப் பழைய லொறிப் பற்றரியோடு பூட்டி, கறண்ட் போனாலும் தானாக எடுத்துக்கொள்ளும்படி வைத்தோம். பிளக்கைச் சுற்றி அக்கா பிளாஸ்டர் ஒட்டினார். வாசல் நிலையில் ஒரு கொத்து வேப்பிலையையும் கட்டித் தொங்கவிட்டார். அம்மாள் வருத்தம், அம்மை, வந்த வீட்டுக்குத்தான் அப்படிக் கட்டுவார்கள்.

"ஏன் அக்கா, ஆருக்கும் கொப்பளிப்பானே?"

"ஒருதருக்கும் இல்லை. குஞ்சு குருமான் ஒண்டும் உள்ளுக்கை வந்து வயரிலை தடக்குப்படாமல் இருக்கட்டும். சனம் வேறை எதுக்குப் பயப்பிடும் சொல்லு பாப்பம்?"

சனம் பயந்தது. தபாற்காரர் வாசற் படலையோடு நின்று கூப்பிட்டார். கோஷ்டியில் தபேலா வாசிப்பவர் ரெலிபோனில் சுகம் விசாரித்தார். கோழிகள் மட்டும் பயப்படவில்லை. ஒரு பேடு உள்ளே வந்து வயருக்கு மேல் ஏறி நின்றபோது, அதைக் கலைத்தால் துள்ளுமா, விட்டால் கொத்துமா என்று தெரியாமல் நான் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தேன். அது தன்பாட்டில் இறங்கிப் போன பிறகுதான் கதவைச் சாத்தினேன்.

வைகாசியில் அம்மன் கோயில் திருவிழா. அங்கே போக வேண்டுமென்றால் கீபோட்டை ஏற்ற வேண்டும். ஏற்ற வேண்டுமென்றால் அணைக்க வேண்டும். அதற்கு முன் பாட்டுகளை வேறு எங்காவது எடுத்து வைக்க வேண்டும்.

சாவகச்சேரிச் சந்தைக்குப் பக்கத்தில் றேடியோ திருத்துபவரைக் கூட்டிவந்தேன். அவர் கீபோட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பற்றரி மாற்றுவது ஒரு வேலையே இல்லை, ஆனால் அணைக்க வேண்டும் என்றார். அணைக்காமல் மாற்ற ஏலாதா என்று கேட்டேன்.

"ஏலும். கறண்ட் ஓடேக்கை கழட்டிக் கை வைக்கோணும். என்ரை கை வழுக்கினால் பாட்டும் போம், நானும் போவன். எனக்கு இரண்டு குமர்ப் பிள்ளையள் இருக்கு தம்பி."

தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

பிறகு வயர் ஒன்று வந்தது. ஒரு முனையைக் கீபோட்டில் செருகி, மறுமுனையைக் கொம்பியூட்டரில் செருகினால் பாட்டெல்லாம் அங்கே போய்விடும் என்று பாடகர்களில் ஒருவர் தன் லப்ரொப்போடு கொண்டுவந்தார். முதலில் போவது போலத்தான் இருந்தது. பாதியில் நின்றது. திரை அப்படியே உறைந்துபோய், எந்தப் பொத்தானை அமத்தினாலும் அசையவில்லை. அண்ணை கதிரையின் கைப்பிடியைப் பிடித்தபடி இருந்தார். நான் வயரை இழுத்தேன். நெடுநேரம் போனது போல இருந்தது, அது ஒரு நிமிடம்கூட இராது. திரை உயிர் பெற்றுப் பாட்டுப் பட்டியல் வந்தது. மலிந்த வயர், பெரிய சுமை என்றால் வழியில் சிந்திவிடும் என்று பாடகர் சொன்னார்.

"சிந்தினது காணும்," என்றார் அண்ணை. "லப்ரொப்பை மூடு."

மிச்சம் இருந்தது ஒரே வழி. கீபோட்டின் முதுகில் ஒரு நீளமான வாய் இருந்தது. அதற்கென்று ஒரு மெமரி காட் உண்டு. இப்போது போனுக்குப் போடுகிற நகமளவு காட் இல்லை. நெருப்புப்பெட்டியின் முகமளவு, வெற்றிலைபோல மெல்லிசு, ஒரு முகத்தில் பெரிய பொன் தகடு. அண்ணையிடம் முன்பு ஒன்று இருந்ததாம். யாரோ அதன்மேல் இருந்து முறித்துவிட்டார்கள். வருத்தத்துக்கு முந்திய காலம், அவரும் பெரிதாக எடுக்கவில்லை. கை இருந்தால் திரும்ப வாசிக்கலாம்தானே.

யாழ்ப்பாணத்தில் போன் கடை கடையாக ஏறி இறங்கினேன். கையால் அளவு காட்டினேன், கடதாசியில் கீறிக் காட்டினேன். "இப்ப உதைச் செய்யிறதே இல்லை அண்ணை" என்றார்கள். ஒருவன் சிரித்தான். "பழைய சாமான் வைக்கிற நூதனசாலையிலை கேட்டுப் பாத்தியளே?" நான் சிரிக்கவில்லை. வீட்டில் அக்காவைத் தனியாகக் காவலுக்கு விட்டு வந்திருந்தேன். வீதியில் எந்தக் கடையில் விளக்கு மினுங்கினாலும் வீட்டிலும் கறண்ட் போயிருக்குமோ என்று நின்றேன்.

பழைய கமராக்களிலும் அந்தக் காட்தான் போடுவார்கள் என்று கடைசியாக ஒரு கடைக்காரர் சொன்னார். உடுவிலில் ஒரு அம்மா முன்பு ஸ்ரூடியோ வைத்திருந்தார், போய்ப் பார் என்றார். அடுத்த செவ்வாய்க்கிழமை காலை பஸ் ஏறினேன்.

அவர் இப்போது அடையாள அட்டைப் படம் மட்டும் எடுக்கிறார். முன்னறையில் நீலத் திரை, ஒரு முக்காலி. நான் சொல்லி முடிக்கும்வரை மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தபடி இருந்தார்.

"கீபோட்டுக்கோ? மகளின்ரை சாமத்தியச் சடங்குக்கு எடுத்த படத்தைத் தேடி வாறவையைத்தான் நான் கண்டிருக்கிறன். நீர் வாசிக்கிறனீரோ?"

"இல்லை அம்மா. காவல் காக்கிறனான்."

"கீபோட்டுக்குக் காவல். நாடு முன்னேறியிட்டுது."

உள்ளே போய் மாப்பால் தகரப் பேணி ஒன்றைக் கொண்டுவந்து கவிழ்த்தார். உறை, வயர், உடைந்த கமராக்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் புதியதை வாங்கிக்கொண்டு பழையதை இங்கே விட்டுப் போவார்களாம். அதற்குள் இரண்டு காட். இரண்டும் ஒன்றுபோல. அவர் பொன் முகத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"இது மூலை இடப்பக்கம் வெட்டினது. கூடின வோல்ற். இதைப் போட்டால் உங்கடை சாமான் எரியும். இது வலப்பக்கம் வெட்டினது. இதுதான் உமக்கு."

கமராவில் போட்டுப் பார்த்தார். வேலை செய்தது. யாரோ ஒருவனின் மோட்டச்சைக்கிள், முன்னாலும் பின்னாலும் பக்கத்தாலும்.

"ஆள் இல்லை, சைக்கிள் மட்டும்தான். அழிச்சால் பாவமில்லை," என்று அழித்தார். பேணியில் கிடந்த உறையொன்றை ஊதித் தட்டி அதற்குள் காட்டைப் போட்டுத் தந்தார். "பொன் தகட்டிலை விரல் படக் கூடாது. ஈரம் படக் கூடாது. எரிஞ்சால் என்னட்டை வரக் கூடாது. விளங்கினதோ?"

"ஓம் அம்மா."

"சரி, ஓடும். மழை கட்டுது."

அவர் சொன்னது சரி. நாவற்குழிப் பாலத்தில் பஸ் ஏறியபோது கடலேரிக்கு அப்பால் வானம் கறுத்திருந்தது. சித்திரையில் பின்னேர இடி வழமைதான். ஆனால் ஒவ்வொரு மின்னலுக்கும் நான் சட்டைப் பையைப் பொத்திப் பிடித்தேன். ஈரம் படக் கூடாது என்றாரே, வியர்வை படுமே என்று உறையை எடுத்துத் தலைக்கு மேலே கம்பியோடு சேர்த்துப் பிடித்தேன். பக்கத்தில் இருந்தவர் தள்ளி இருந்தார். கைதடியில் ஒரு பெரிய இடி. அதற்குப் பிறகு வீதியோரக் கடைகள் ஒன்றுமே வெளிச்சமாக இல்லை. கறண்ட் போய்விட்டது. இன்வேட்டர் பிடித்ததா, இல்லையா? அக்காவுக்கு ரெலிபோன் எடுக்கலாம். எடுக்கவில்லை. இல்லை என்று சொன்னால் அந்தப் பஸ்ஸில் நான் என்ன செய்வது?

சந்தியில் இறங்கி ஓடினேன். வீடு இருட்டாக இருந்தது. அறைக்குள் நீல நிறத்தில் அந்தச் சின்னத் திரை மட்டும் எரிந்துகொண்டிருந்தது. நான் நிலத்தில் இருந்துவிட்டேன்.

"கிடைச்சதோ?" என்றார் அண்ணை.

"கிடைச்சது."

"போடு, கெதியா."

"பொறுங்கோ," என்றார் அக்கா. "செவ்வாய்க்கிழமை, மூண்டு மணிக்குப் பிறகு இராகுகாலம். முடியட்டும். இஞ்சை தா, சாமிக்கு முன்னாலை வைப்பம்."

இராகுகாலத்தில் அண்ணை ஒரு மேடையிலும் முதற்பாட்டு வாசித்ததில்லை. நான் உறையைக் கொடுத்தேன். லொறிப் பற்றரி பழசு. எவ்வளவு நேரம் தாங்கும் என்று எங்களுக்குத் தெரியாது. மழை அடித்து ஊற்றியது. நானும் அண்ணையும் அந்த நீல வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். இராகுகாலம் முடியப்போகிற நேரத்தில் இன்வேட்டர் கீச்சிடத் தொடங்கியது. பற்றரி இறங்கினால் அது அப்படித்தான் கத்தும்.

"கொண்டுவா! கொண்டுவா!" என்று அண்ணை கத்தினார்.

அக்கா தட்டத்தோடு வந்தார். வெற்றிலை, ஒரு பூ, நடுவில் காட். உறையைக் கழற்றிவிட்டு, பொன் தகட்டின் நட்ட நடுவில் ஈரச் சந்தனம் அப்பி, அதன்மேல் குங்குமமும் வைத்திருந்தார்.

காட்டைத் தட்டத்திலிருந்து பறித்தெடுத்தேன்.

"அக்கா! அதிலை விரலே படக் கூடாது எண்டவை!"

"என்னடி செய்தனி?" என்றார் அண்ணை.

"ஏன், புதுச் சாமானுக்குப் பொட்டு வைக்காமலே? லாண்ட்மாஸ்டருக்கு வைக்கேல்லையே, இந்தக் கீபோட்டுக்கு வைக்கேல்லையே?"

"அது புதுசில்லையடி, பழசு!"

"எனக்கு என்ன தெரியும்? பொன்னாய்க் கிடந்தது, அங்கைதான் பொட்டுக்கு இடமும் கிடந்தது."

சாரத்தின் நுனியால் துடைத்தேன். சந்தனம் மஞ்சளாக இழுபட்டது, போகவில்லை. அப்படியே வாய்க்குள் செருகினேன். காட் இல்லை என்று திரை சொன்னது. வெளியே எடுத்துத் திரும்பச் செருகினேன். காட் இல்லை. இன்வேட்டர் கத்திக்கொண்டே இருந்தது. அண்ணை இடக்கையால் கதிரையில் தட்டிக்கொண்டிருந்தார். வலக்கை மடியில் சும்மா கிடந்தது.

அக்காதான் ஓடிப்போய் அண்ணைக்கு இன்சுலின் போடும் ஊசிப் பெட்டியைக் கொண்டுவந்தார். ஊசி குத்துமுன் தோலைத் துடைக்கும் ஸ்பிரிட் பஞ்சை எடுத்துத் தகட்டை மெதுவாகத் துடைத்தார். குழந்தையின் கண்ணைத் துடைப்பது மாதிரி. மூலைவரை துடைத்தார், பஞ்சு மாற்றித் துடைத்தார். நான் விசிறியால் விசுக்கிக் காயவைத்தேன். ஸ்பிரிட் மணமும் சந்தன மணமுமாக அறை ஆஸ்பத்திரியா கோயிலா என்று தெரியாமல் இருந்தது. மூன்றாம் முறை செருகியபோது திரை மாறியது.

"என்ன சொல்லுது? வாசி, வாசி. எனக்கு அங்காலை தெரியேல்லை."

எழுத்தெழுத்தாக வாசித்தேன். முதலில், காட்டில் இருப்பதை அழித்துத் துப்புரவாக்கவா என்று கேட்டது. ஓம் கொடுத்தோம். பிறகு, எதைச் சேமிக்க என்று கேட்டது.

"சோங் எண்டு கிடக்கு. அங்காலை ஓல் எண்டு கிடக்கு."

அண்ணை இன்வேட்டரின் பக்கம் திரும்பினார். அதன் கீச்சு இப்போது விடாமல் வந்தது.

"ஓல், எல்லாம் எண்டால் எவ்வளவு நேரம் இழுக்குமோ தெரியாது. பாட்டை முதல் போடு. பிறகு மற்றதைப் பாப்பம்."

"அமத்தவோ?"

"அமத்தடா!"

அமத்தினேன். திரையில் ஒரு கறுப்புக் கோடு இடமிருந்து வலமாக ஊர்ந்தது. எறும்பு போவதுபோல ஊர்ந்தது. அண்ணைக்குப் பாதிக்கு மேல் தெரியாது. "எவ்விடத்திலை நிக்குது? எவ்விடத்திலை நிக்குது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் விரலைத் திரைமீது வைத்துக் காட்டிக்கொண்டு வந்தேன். கோடு முடிந்தது. முடிந்தது என்று ஆங்கிலத்தில் ஒரு சொல் வந்தது. நான் அதை வாசித்துவிட்டு, ஓல் என்பதற்கு விரலைக் கொண்டுபோனபோது இன்வேட்டரின் கத்தல் நின்றது. நீல வெளிச்சமும் நின்றது.

மழைச் சத்தம் மட்டும். இவ்வளவு நாளும் அந்தக் கீபோட்டிலிருந்து ஒரு மெல்லிய இரைச்சல் வந்துகொண்டிருந்தது என்பது அது இல்லாமற்போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அக்கா ஏதோ முணுமுணுத்தார். கும்பிடுகிறாரா திட்டுகிறாரா என்று விளங்கவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்தில் கறண்ட் வந்தது. கீபோட்டைப் போட அண்ணை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. முகம் கழுவினார், திருநீறு பூசினார், தேத்தண்ணி குடித்தார். பிறகு வந்து கதிரையில் இருந்தார்.

"போடு."

போட்டேன். பாட்டுப் பட்டியல் வெறுமையாக இருந்தது. மேலிருந்து கீழ்வரை ஒரு பெயரும் இல்லை. அந்தச் சின்னப் பற்றரி எப்போதோ செத்திருந்தது. காட்டிலிருந்து எடு என்றார் அண்ணை. எழுத்துக்கூட்டி வாசித்து, அவர் சொல்லச் சொல்ல அமத்தினேன். கோடு ஊர்ந்தது. பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்தன.

"முதற்பாட்டைப் போடு."

போட்டேன். பாட்டு வந்தது. ஆனால் நாதஸ்வரம் வரவேண்டிய இடத்தில் பியானோ வந்தது. தாளம் வரவேண்டிய இடத்தில் மணியடிப்பது போல ஏதோ வந்தது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஐயோ, இதென்ன, சேர்ச்சிலை வேதக்காரற்றை கலியாணம் போலக் கிடக்கு!"

அண்ணை கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். அவர் செய்து வைத்திருந்த சத்தங்கள் வரவில்லை. அவை ஓல் என்ற சொல்லுக்குள் இருந்திருக்கின்றன. காட்டில் ஏறியது பாட்டு மட்டும், அவருடைய விரல் எந்தக் கட்டையை எப்போது தொட்டது, எவ்வளவு அழுத்தித் தொட்டது என்பது மட்டும்.

"சத்தத்தைத் திரும்பச் செய்யலாம்," என்றார் மெதுவாக. "அதுக்கு ஒரு கை காணும்."

அவர் பாட்டை நிற்பாட்டச் சொல்லவில்லை. தலையைச் சரித்து, பியானோவிலேயே கடைசிவரை கேட்டார். நாதஸ்வரத்தின் இரைச்சல் இல்லாமல் ஒவ்வொரு விரலும் தனித்தனியாகக் கேட்டது. சரணத்தில் ஓரிடத்தில் அவர் முகம் சுருங்கியது.

"திரும்பப் போடு, அந்த இடத்தை."

போட்டேன்.

"பாத்தியே? இதிலை நான் ஒரு கட்டை பிழையா அமத்தியிருக்கிறன். இத்தனை கோயிலிலை வாசிச்சும் ஒருதரும் பிடிக்கேல்லை. எனக்கே தெரியாது."

"இப்ப திருத்தலாமே அண்ணை? இடக்கையாலை அந்த ஒரு இடத்தை மட்டும்…"

"விசரே உனக்கு?" என்றார். "கிடக்கட்டும். அதிலை தொடாதை."

பிறகு இடக்கையால் குமிழைப் பிடித்து நாதஸ்வரத்தைத் தேடத் தொடங்கினார். முதலில் ஆடு கத்துவது போல வந்தது, பிறகு ஊதுகுழல் போல. நான் இன்வேட்டருக்குப் பக்கத்தில் பாயைப் போட்டு, பிளக்கைப் பார்த்தபடி இருந்தேன்.